வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர்: தேடுவதும் காப்பதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் வாரத்தில் என்ன செய்கிறார்கள்? பாட்டு கேட்கிறார்கள். ரயில் டிக்கெட் பார்க்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுடன் வீடியோவில் பேசுகிறார்கள். இந்த வரிசையில் இன்னொரு வேலையையும் சேர்த்துக் கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து விடுங்கள். பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எந்தத் தகவலை எங்கே கொடுக்கலாம், எங்கே கொடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே இந்த மாதம் பார்ப்போம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். தெருவில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். 2024 ஜனவரியில் மயிலாப்பூரில் உள்ள ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படி அழைத்தார். நாடாளுமன்றத் தேர்தல் வரப் போகிறது, பட்டியலில் பெயர் பார்க்க வேண்டும் என்று தேடியிருக்கிறார். தேடல் முடிவில் முதலில் வந்த விளம்பரத்தை க்ளிக் செய்து, ஏதோ ஒரு தனியார் வெப்சைட்டில் நுழைந்து விட்டார். அது பெயர், கைபேசி எண், இமெயில் முகவரி, ஆதார் எண் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. அவரும் வரிசையாக டைப் செய்திருக்கிறார்.

"தம்பி, கேட்டதை எல்லாம் கொடுத்தாச்சு. என் பெயர் மட்டும் வரவே இல்லை. அன்றிலிருந்து கடன் வேண்டுமா என்று தினம் நாலு போன் வருது" என்றார்.

"சார், பெயர் பார்ப்பதற்கு ஆதாரே தேவையில்லை" என்றேன். முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அன்று அவருக்குச் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் படி: சரியான முகவரி

தேடல் பெட்டியில் தேடாதீர்கள். பிரவுசரின் மேலே உள்ள முகவரிக் கட்டத்தில் நேரடியாக டைப் செய்யுங்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளம் வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் ஜிஓவி டாட் இன். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்ட வேண்டும்.

மத்திய, மாநில அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ஜிஓவி டாட் இன் என்று முடியும். "முடியும்" என்பதைக் கவனியுங்கள். முகவரியில் முதல் சாய்கோடு வருவதற்குச் சற்று முன்னால் இந்த எழுத்துகள் இருக்க வேண்டும். நடுவில் எங்கோ ஜிஓவி என்று போட்டுவிட்டு டாட் காம் என்று முடிந்தால் அது அரசுத் தளம் அல்ல. உடனே மூடி விடுங்கள்.

இரண்டாம் படி: பெயரைத் தேடுதல்

தளத்தில் பட்டியலில் தேடும் பகுதியைத் திறந்தால் மூன்று வழிகள் கிடைக்கும். வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு தேடலாம். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது போன்ற விவரங்களைக் கொண்டு தேடலாம். கைபேசி எண்ணைக் கொண்டும் தேடலாம்.

அட்டை கையில் இருந்தால் முதல் வழியே சிறந்தது. இப்போதைய அட்டைகளில் எண் மூன்று ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களுமாக இருக்கும். அதை டைப் செய்து, மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, படத்தில் தெரியும் கேப்ட்சா எழுத்துகளை அப்படியே டைப் செய்தால் போதும். நம் அட்டை எண் தவிர வேறு எந்தத் தகவலும் இங்கே தேவைப்படுவதில்லை.

விவரங்களைக் கொண்டு தேடும்போது எழுத்துக்கூட்டல் காலை வாரும். ஒரு முறை கிடைக்காவிட்டால் இனிஷியல் இல்லாமல், வேறு எழுத்துக்கூட்டலில் மீண்டும் தேடுங்கள். தொகுதியின் பெயரிலும் குழப்பம் வரும். தி.நகர் என்று தேடினால் கிடைக்காது. தியாகராய நகர் என்றுதான் இருக்கும், தொகுதி எண் 24. மயிலாப்பூர் 25. அடையாறு என்று ஒரு சட்டமன்றத் தொகுதியே கிடையாது. அடையாறின் பல தெருக்கள் 26-ம் எண் வேளச்சேரி தொகுதியில் வருகின்றன.

ஆசிரியரின் அட்டை எண்ணைப் போட்டதும் ஒரே நொடியில் பெயர் வந்தது. ஆனால் மயிலாப்பூரில் அல்ல, தியாகராய நகரில். 2020-ல் வீடு மாறியவர் பட்டியலில் முகவரியை மாற்றவே இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது மயிலாப்பூரில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வாக்குச்சாவடிக்குப் போய், பெயர் இல்லை என்றதும் அவரும் மனைவியும் திரும்பி வந்து விட்டார்களாம்.

அந்த 2021 தேர்தலில் தியாகராய நகர் தொகுதியின் முடிவு என்ன தெரியுமா? வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். தமிழகத்திலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அதுதான். இதைச் சொன்னதும் ஆசிரியர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு" என்றார்.

மூன்றாம் படி: திருத்துதல்

நான்கு படிவங்களை நினைவில் வையுங்கள். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. ஏற்கனவே உள்ள பெயரை நீக்கக் கோரப் படிவம் 7. முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. ஆதார் எண்ணைத் தெரிவிக்கப் படிவம் 6பி.

வீடு மாறியதால் ஆசிரியருக்குத் தேவைப்பட்டது படிவம் 8. ஏற்கனவே ஒரு முறை சூடுபட்டவர், ஆன்லைனில் எதையும் தர மனம் வரவில்லை. அச்சுப் படிவத்தைப் பூர்த்தி செய்து, தம் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுத்தார். அதுவும் சரியான வழிதான். 2024 ஏப்ரல் 19 அன்று இருவரும் மயிலாப்பூரிலேயே வாக்களித்தார்கள்.

ஆதார் பற்றி ஒரு விளக்கம். 2021-ல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, வாக்காளர்களிடமிருந்து ஆதார் எண் பெறும் பணி 2022 ஆகஸ்டில் தொடங்கியது. இந்த விதியின் கீழ் ஆதார் கட்டாயம் அல்ல என்று தேர்தல் ஆணையமே 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதே சமயம், 2025 செப்டம்பர் முதல் 6, 7, 8 படிவங்களை ஆன்லைனில் அனுப்பும்போது, ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி மூலம் ஈ-சைன் செய்யும் முறை வந்துள்ளது.

இந்த முறை ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2023 கர்நாடக சட்டமன்றத் தேர்தலுக்கு முன், கலபுரகி மாவட்டத்தில் உள்ள ஆலந்த் தொகுதியில் பெயர்களை நீக்கக் கோரி 6,018 படிவம் 7 விண்ணப்பங்கள் ஆன்லைனில் வந்தன. நேரில் போய்ச் சரிபார்த்தபோது 24 மட்டுமே சரியானவை என்று தெரிந்தது. மற்ற 5,994 விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டு, போலீசில் வழக்கு பதிவானது. எங்கோ ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, உங்கள் பெயரை நீக்கச் சொல்லி இன்னொருவர் விண்ணப்பிக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. அதனால்தான் ஒரு முறை பார்த்ததோடு விடாமல், ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் பாருங்கள் என்கிறேன்.

தமிழகத்தில் இதற்கு அவசியம் கூடியிருக்கிறது. 2025 நவம்பரில் இங்கே சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. தவறாக விடுபட்டவர்கள் படிவம் 6 கொடுக்கலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால் விடுபட்டது தெரிந்தால்தானே கொடுக்க முடியும்?

பட்டியல் எல்லோருக்கும் தெரியலாமா?

"என் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் இப்படி ஊருக்கே தெரியும்படி இருக்கலாமா?" என்று ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. வாக்காளர் பட்டியல் ஒளித்து வைக்கும் ஆவணம் அல்ல. இறந்தவர் பெயர் இருக்கிறதா, எதிர் வீட்டுக்காரர் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று தெருவில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்வதற்காகத்தான் அது வெளியிடப்படுகிறது. ஒளித்து வைத்தால் தவறுகளும் சேர்ந்தே ஒளிந்து கொள்ளும்.

உங்கள் பாகத்தின் பட்டியலைத் தமிழிலேயே பிடிஎப் பைலாக டவுன்லோட் செய்யலாம். அதைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. 2018 முதல் பட்டியல் எழுத்துகளாக அல்லாமல் படமாக வெளியிடப்படுகிறது. லட்சக்கணக்கான பெயர்களைச் சாப்ட்வேர் மூலம் மொத்தமாக அள்ளுவதைக் கடினமாக்கவே இந்த ஏற்பாடு என்பது ஆணையத்தின் வாதம். தேடும் வசதியுடன் தர வேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதுதான். இணையத்தில் உள்ள இந்தப் பட்டியலில் உங்கள் புகைப்படமோ போன் எண்ணோ இருக்காது.

போன் எண் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2021-ல் புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலின்போது, வாக்குச்சாவடி வாரியான வாட்ஸ்அப் குழுக்களில் சேரச் சொல்லி பா.ஜ.க. பெயரில் வாக்காளர்களின் கைபேசிகளுக்கு எஸ்எம்எஸ் வந்தது. ஆதாருடன் இணைத்த எண்களுக்கு மட்டுமே அவை வந்தன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. தொண்டர்கள் மூலம் திரட்டிய எண்கள் என்றது கட்சி. தங்களிடமிருந்து கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். குற்றச்சாட்டு நம்பத் தகுந்ததாக இருக்கிறது, இதை விசாரிக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

உலக அளவில் இன்னொன்று. 2018-ல் வெளியான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம். பேஸ்புக்கில் வந்த ஒரு வினாவிடை ஆப் மூலம் திரட்டப்பட்ட தகவல்கள் தேர்தல் பிரசாரத்துக்குக் கை மாறின. இந்தியாவில் அந்த ஆப்பை நிறுவியவர்கள் 335 பேர்தான். ஆனால் அவர்களுடைய நண்பர்களையும் சேர்த்து 5.62 லட்சம் பேரின் தகவல்கள் போயிருக்கலாம் என்று பேஸ்புக்கே கணக்குச் சொன்னது. நீங்கள் கொடுக்கும் தகவலோடு அடுத்தவர் தகவலும் சேர்ந்தே போகிறது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. பெயர் தேட ஆதார் எண், வங்கிக் கணக்கு, கட்டணம் எதுவும் தேவையில்லை. கேட்டால் அது போலித் தளம்.

2. பெயர் நீக்கப்படும் என்று பயமுறுத்தி ஓடிபி கேட்டு யார் போன் செய்தாலும் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

3. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வேலை முடிந்ததும் கடைக் கம்ப்யூட்டரில் உள்ள பைலை உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

4. கணக்கெடுப்பு, பரிசு, வினாவிடை என்று வரும் லிங்க்குகளில் வாக்காளர் அட்டை எண்ணை டைப் செய்யாதீர்கள்.

தனிநபர் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். என்னைக் கேட்டால், பட்டியல் திறந்திருக்க வேண்டும், அதைத் திறந்து பார்க்கும் ஆளின் பை மூடியிருக்க வேண்டும். அரசியல் எனக்கு எதற்கு என்று ஒதுங்குவதும் தவறு, கேட்பவருக்கெல்லாம் எண்ணைக் கொடுப்பதும் தவறு.

ஆசிரியர் இப்போது தம் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள மற்றவர்களுக்கும் பெயர் பார்த்துக் கொடுக்கிறார். விளம்பரத்தை மட்டும் க்ளிக் செய்வதில்லை. நீங்களும் உங்கள் வாக்காளர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு இன்றே முயன்று பாருங்கள். முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.