சோகையைத் தடுக்கும் சமையல் முறைகள்

நாற்று நடும் ஸ்திரீ நண்பகலுக்கு முன்பே மூச்சு வாங்கி வரப்பில் அமர்வாளாயின், அதனைச் சோம்பல் என்று கருதலாகாது. கண்ணிமையின் உட்புறமும் நாவும் நகமும் வெளுத்திருப்பின், அது சோகையாக இருக்கலாம். பிராணவாயுவைத் தேகமெங்கும் கொண்டு செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செம்பொருள். அது குறைவதே சோகை. அதனை உண்டாக்க இரும்புச்சத்து இன்றியமையாதது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்குச் சோகை காணப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு இது முற்றினால் பிரசவத்தில் உயிருக்கே அபாயம் நேரும்.

பம்பாயில் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது, ஈஸ்ட் சாரத்தினால் ஒருவகைச் சோகை நீங்குவதை 1931இல் வெளியிட்டார். அத்தகைய சத்து 1941இல் பசலை இனக் கீரையினின்று பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஆகவே இரும்பும் கீரையும் சேர்ந்தே இரத்தத்திற்கு ஆதாரமாகின்றன.

இவற்றைப் பெற அதிகச் செலவு வேண்டுவதில்லை, கவனமே வேண்டும்.

1. தானியம்: 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு உண்டு, தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராமும் இல்லை. வாரத்தில் சில நாட்களேனும் கம்பும் கேழ்வரகும் உண்ணுதல் நலம்.

2. கீரை: கழுவிய பின்னரே அரிதல் வேண்டும். சிறிது நீரில் மூடி வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டாமல் உணவிலேயே சேர்க்க வேண்டும். நெடுநேரம் வேகவைத்தால் ஃபோலிக் அமிலம் அழியும்.

3. புளிப்பு: தானியத்திலும் கீரையிலுமுள்ள இரும்பு எளிதில் உடலிற் சேராது. வைட்டமின் சி அதற்குத் துணை செய்யும். எலுமிச்சம்பழத்தை அடுப்பினின்று இறக்கிய பின் பிழிக. பச்சை நெல்லிக்காய்த் துவையலும் சிறந்தது.

4. முளைகட்டல்: பயறு, கேழ்வரகு முதலியவற்றை ஊறவைத்து முளைகட்டினால், இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறையும்.

5. இரும்புச்சட்டி: புளிக்குழம்பை இதிற் சமைப்பின் சிறிது இரும்பு உணவிற் கலக்கும். வெந்தவுடன் வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிட வேண்டும்.

6. காபி, தேயிலை: இவை இரும்பு சேர்வதைத் தடுப்பதால், உணவுக்கும் இவற்றுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சுமாயின், நல்லுணவும் போதாது. அசுத்தமான மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோல் வழியே இப்புழு நுழைகிறது. ஆதலால் கக்கூசும் செருப்பும் அவசியம். முற்றிய சோகைக்குச் சமையல் மட்டும் மருந்தாகாது. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்து மாத்திரை பெறுதல் வேண்டும்.

சங்கத்தின் பண்டகசாலையில் கம்பு, கேழ்வரகு, பயறு, இரும்புச்சட்டி ஆகியவற்றை வைத்து விற்பது அங்கத்தினர்க்குப் பேருதவியாகும். இவை யாவும் செய்தும், ஆடவரும் பிள்ளைகளும் உண்டு எஞ்சியதையே வீட்டுப் பெண்கள் உண்பராயின் பயனில்லை. அவர்களுக்குரிய பங்கை முதலிலேயே எடுத்து வைப்பது குடும்பத் தலைவரின் கடமை.