ஊருக்கெல்லாம் ஒரே முகவரி

ஓசூர் சிப்காட், சிட்கோ பக்கம் உள்ள சிறு பட்டறைகள் பலவற்றுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். லேத்துக்கும் வி.எம்.சி.க்கும் ஆள் வைத்தவர் மெயில் பார்க்க ஆள் வைப்பதில்லை. காலையில் முதலாளியோ அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரோ திறந்தால், ‘உங்கள் வெப்சைட்டை கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்’, ‘மூன்றே நாளில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ்’, ‘அடமானம் இல்லாத கடன்’ என்று வரிசை கட்டி நிற்கும். நடுவில் எங்கோ வாடிக்கையாளரின் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) திருத்தம் ஒன்று சிக்கிக் கிடக்கும். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கும் பர்கூர் கிரானைட் வியாபாரிக்கும் பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்து ஏற்றுமதி செய்பவருக்கும் இதே கதைதான். இந்தக் குப்பையைப் பற்றி டீக்கடையில் கேட்கும் யோசனைகள் சிலவற்றை நம்பினால் குப்பை கூடத்தான் செய்யும்.

நம்பிக்கை: “நாம சின்ன கம்பெனி. நம்ம மெயில் ஐ.டி. யாருக்குத் தெரியப்போவுது?”

உண்மை: 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துவெர்க், அர்பாநெட் வலையில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரு விளம்பரம் அனுப்பினார். உலகின் முதல் குப்பை மெயில் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அச்சடித்த விலாசப் புத்தகத்தைப் பார்த்து முகவரிகளைக் கையால் தட்ட வேண்டியிருந்த காலம் அது. இன்று வெப்சைட்டில் போட்ட முகவரியை நிரல்களே பொறுக்கிக்கொள்கின்றன. பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்த கம்பெனிகளின் மின்னஞ்சல் முகவரி, கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தின் பொதுத் தகவலில் பல ஆண்டுகள் திறந்தே கிடந்தது. 2018 மே மாதத்துக்கு முன் டாட் காம் டொமைன் வாங்கியவர்களின் விவரமும், தனியாக மறைத்து வைக்காதவரை, யார் கண்ணிலும் பட்டது. கண்காட்சியில் ஸ்டால் ஸ்டாலாக விசிட்டிங் கார்டு போடும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் ‘இன்ஃபோ’, ‘சேல்ஸ்’ என்று தொடங்கும் முகவரிகளை ஊகித்தே அனுப்பிவிடுவார்கள்.

நம்பிக்கை: “காசு கொடுத்து நல்ல ஃபில்டர் வாங்கிட்டா தீர்ந்துடும்.”

உண்மை: இன்னும் இரண்டே ஆண்டில் ஸ்பேம் ஒழிந்துவிடும் என்று 2004 ஜனவரியில் டாவோஸில் பில் கேட்ஸ் சொன்னார். அதற்குப் பிறகு ஃபில்டர்கள் நிஜமாகவே முன்னேறின, 99.9 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடுவதாக ஜிமெயில் சொல்லிக்கொள்கிறது. அதையும் தாண்டி வருவது வியாபார மெயில் போலவே எழுதப்பட்டது. என்கொயரியா ஏமாற்றா என்று மனிதருக்கே சந்தேகம் வரும் மெயிலில் ஃபில்டர் என்ன செய்யும்?

ஃபில்டருக்குச் செலவழிக்கும் முன் முகவரியைப் பிரியுங்கள். வெப்சைட், கண்காட்சி, வணிகத் தகவல் தளம் இவற்றுக்கு ஒரு முகவரி. வாடிக்கையாளர்களின் பர்ச்சேஸ், குவாலிட்டி பிரிவுகளுக்கு இன்னொன்று. வங்கி, ஜி.எஸ்.டி., பி.எஃப். ஆகியவற்றுக்கு மட்டும் மூன்றாவது. அது விசிட்டிங் கார்டில் ஏறவே கூடாது. கூகுள் ஒர்க்ஸ்பேஸ், ஜோஹோ மெயில் போன்றவற்றில் ஒரே கணக்குக்குப் பல மாற்றுப் பெயர்கள் வைத்துக்கொள்ளலாம், ஆகவே செலவு ஒரு தடையில்லை. இப்படிப் பிரித்தால் குப்பை குறைவதைவிடப் பெரிய லாபம் ஒன்று கிடைக்கிறது. வெப்சைட்டில் போட்ட முகவரிக்கு ‘உங்கள் வங்கிக் கணக்கு முடங்கப்போகிறது’ என்று மெயில் வந்தால் படித்துப் பார்க்கவே வேண்டாம். அந்த முகவரியை நீங்கள் வங்கிக்குக் கொடுக்கவே இல்லையே!

அரசுப் பெயரில் வருவதற்கும் இதே கணக்கு. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, புதுப்பிக்கவும் தேவையில்லை. ‘சான்றிதழ் காலாவதியாகிறது, பணம் கட்டுங்கள்’ என்பது மோசடி. ஜி.எஸ்.டி. நோட்டீஸ் என்றால் மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல் நேராக போர்ட்டலில் லாகின் செய்து பாருங்கள். நிஜ நோட்டீஸ் அங்கே இருக்கும்.

நம்பிக்கை: “ஸ்பேம் ஃபோல்டர்ல இருக்கறது எல்லாம் குப்பைதான். மொத்தமா அழிச்சிடு.”

உண்மை: ஜிமெயில் ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்ததை 30 நாளில் தானே அழித்துவிடும். புது வாடிக்கையாளரின் முதல் ஆர்.எஃப்.க்யூ. (விலை கேட்கும் மெயில்) அங்கே விழுந்தால், நமக்கு ஆர்வமில்லை என்று நினைத்து அவர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார். தினமும் ஒரு கண் ஓட்டுங்கள். நல்ல மெயில் கிடந்தால் இன்பாக்ஸுக்கு இழுத்துப் போடுவதோடு விடாமல் ‘நாட் ஸ்பேம்’ அழுத்துங்கள், அடுத்த முறை ஃபில்டருக்குப் புரியும்.

நம்பிக்கை: “நாம யாருக்கும் ஸ்பேம் அனுப்பறதில்ல.”

உண்மை: ஆயுத பூஜை வாழ்த்தை இரண்டாயிரம் பேருக்கு பி.சி.சி.யில் போட்டு அனுப்பும் பட்டறைகள் உண்டு. விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு பிரோஷர் அனுப்புபவர்களும் உண்டு. பெறுகிறவர்கள் ‘ஸ்பேம்’ என்று அழுத்த அழுத்த நம் டொமைனின் பெயர் கெடும்; பிறகு நாம் அனுப்பும் கொட்டேஷனும் வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழும்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதியை இறுக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்பும் எவரும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். பதிவாவது வைத்திருக்க வேண்டும். நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். எஸ்.பி.எஃப். என்பது நம் பெயரில் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை என்று சொல்லும் பட்டியல். டி.கே.ஐ.எம். ஒவ்வொரு மெயிலிலும் விழும் முத்திரை. இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று பெறுகிறவருக்குச் சொல்வது டிமார்க். டிமார்க்கை ‘நன்’ (எதுவும் செய்ய வேண்டாம்) என்ற நிலையிலேயே விட்டுவிட்டால் வெறும் கண்காணிப்புதான், எதுவும் தடுக்கப்படாது. வெப்சைட் போட்டுக் கொடுத்தவரிடம் மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் ஆளை மாற்றுங்கள்.

நம்பிக்கை: “டி.என்.டி. போட்டாச்சு, இனி வராது.”

உண்மை: தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் டி.என்.டி. (தொந்தரவு செய்யாதே) பதிவு, அதற்கான 1909 எண், 2018-ம் ஆண்டு விதிகள் எல்லாம் போன் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும்தான். அமெரிக்காவில் 2003-ல் வந்த கேன்-ஸ்பேம் சட்டம் போல விளம்பர மெயிலுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அனுப்பியவர் யார் என்பதை மறைக்கும் மெயிலைத் தொட்ட ஓர் உட்பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-வுக்குள் இருந்தது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ-வை முழுதாக ரத்து செய்தபோது அதுவும் போனது. அந்தத் தீர்ப்பு சரியே, ஆனால் இந்த இடம் காலியாகவே நிற்கிறது. சட்டம் துணைக்கு வராததால் நாமே கவனமாக இருக்க வேண்டும்: ‘அன்சப்ஸ்கிரைப்’ பொத்தானை, நாமே எப்போதோ பெயர் கொடுத்த கம்பெனிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முகம் தெரியாதவருக்கு அது ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்ற தகவல்.

நம்பிக்கை: “தெரியாத அட்டாச்மென்ட்டைத் திறக்கவே கூடாது.”

உண்மை: கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜாப் வொர்க் செய்கிறவரின் பிழைப்பே முன்பின் தெரியாதவர் அனுப்பும் டிராயிங்கைத் திறப்பதில்தான் இருக்கிறது. அதுவும் ஜிப் கோப்பாகத்தான் வரும். இது தெரிந்துதான் ‘ஏஜென்ட் டெஸ்லா’ போன்ற கடவுச்சொல் திருடும் நிரல்களை பி.ஓ., ஆர்.எஃப்.க்யூ. என்ற பெயரில் அனுப்புகிறார்கள். விண்டோஸ் கோப்பின் வால் பெயரை இயல்பாகவே மறைத்து வைக்கிறது, ‘டிராயிங்.பி.டி.எஃப்.’ என்று தெரிவதன் பின்னால் ‘.இ.எக்ஸ்.இ.’ ஒளிந்திருக்கலாம். அந்த மறைப்பை இன்றே எடுத்துவிடுங்கள். டிராயிங் என்றால் பெரும்பாலும் பி.டி.எஃப்., டி.டபிள்யூ.ஜி., ஸ்டெப் கோப்பாகத்தான் இருக்கும். உள்ளே இ.எக்ஸ்.இ., ஜே.எஸ்., ஐ.எஸ்.ஓ. கோப்பு இருந்தால் யார் அனுப்பியிருந்தாலும் மூடுங்கள். ஜிப்புக்கு பாஸ்வேர்ட் போட்டு அதை மெயிலிலேயே எழுதியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்: பூட்டிய கோப்பை ஆன்டிவைரஸால் திறந்து பார்க்க முடியாது.

நம்பிக்கை: “தெரிஞ்ச சப்ளையர் பேர்ல வந்திருக்கு, அவர்தான்.”

உண்மை: இன்றைய மின்னஞ்சலுக்கு அடிப்படையான விதிமுறை 1982-ல் எழுதப்பட்டது. தபால் உறையின் பின்புறம் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், இதிலும் அப்படியே. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புது எண்ணுக்குப் போடுங்கள்’ என்று வரும் மெயில்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இவ்வகை மோசடியில் 2023-ல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் போனதாக அமெரிக்க எஃப்.பி.ஐ.யிடம் புகார்கள் வந்தன. சில சமயம் போலி டொமைன்கூடத் தேவைப்படாது. சப்ளையரின் மெயில் பெட்டிக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருப்பான்.

கர்நாடக சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண் 29-ல் தொடங்குகிறதா என்று பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். அந்த எண்ணை யாரும் எடுத்து ஒட்டலாம். அந்த சப்ளையர் தூரத்தில் இல்லை: ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, இன்னும் கொஞ்சம் போனால் பொம்மசந்திரா. மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்கு போன் போட்டு, “சார், அக்கவுண்ட் மாத்தினீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் அனுப்பும் முன் கணக்குக்காரர் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருந்தது. அதையும் பார்த்த பிறகு பணத்தை அனுப்புங்கள். அதையும் மீறிப் பணம் போய்விட்டால் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு.