கைத்தொழிற் புரட்சியும் கடற்கரை விடுமுறை நகரமும்: பிளக்பூல்



கைத்தொழிற் புரட்சியின் சமூக விளைவுகளை எழுதுமாறு கேட்டால், சேரிகள், சிறுவர் உழைப்பு, நீண்ட வேலைநேரம் ஆகிய மூன்றையும் எழுதிவிட்டு உங்களுட் பலர் பேனாவை வைத்துவிடுகிறீர்கள். அவை சரியான விடைகளே. ஆனால், தொழிலாளர் குடும்பம் ஊரைவிட்டுப் புறப்பட்டு ஒரு வாரம் ஓய்வெடுக்கும் வழக்கமும் அதே புரட்சியின் விளைவாகும். இதனை இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் கரையோரத்திலுள்ள பிளக்பூல் நகரைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

01. மருந்தாகக் கருதப்பட்ட கடல்

18 ஆம் நூற்றாண்டில் கடல் நீராடுதல் பொழுதுபோக்கு அன்று, வைத்தியம். 1750 இல் ரிச்சட் ரசல் என்ற வைத்தியர் கடல்நீரின் மருத்துவப் பயன் பற்றி நூலொன்றை வெளியிட்டார். குளிப்பது மட்டுமன்றி, கடல்நீரைக் குடிப்பதும் நன்மை தரும் என்றார். அவர் வைத்தியம் செய்த பிரைட்டன் நகருக்குச் செல்வந்தரும் பின்னர் அரச குடும்பத்தினரும் சென்றனர். பிளக்பூலோ சிறு கிராமமாகவே இருந்தது. மஞ்செஸ்டரிலிருந்து குதிரை வண்டியில் அங்கு செல்ல ஏறத்தாழ ஒரு முழு நாள் எடுத்தது. 1801 இல் அங்கு வாழ்ந்தோர் 500 பேருக்கும் குறைவு.

02. புகையிரதத்தின் வருகை

1846 இல் பிளக்பூலுக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. குறைந்த கட்டணச் சுற்றுலாப் புகையிரதங்களில் ஆலைத் தொழிலாளர் காலையில் வந்து மாலையில் திரும்பினர். ஆயினும் 1851 இலும் நகரின் சனத்தொகை ஏறத்தாழ 2,500 மட்டுமே. பாதை வந்தவுடன் நகரம் பெருகிவிடவில்லை என்பதை இங்கு கவனிக்குக.

03. நேரமும் பணமும்

அ. நேரம்: 1847 ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் பெண்களினதும் இளையோரினதும் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 10 மணித்தியாலங்களாக மட்டுப்படுத்தியது. 1850 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சனிக்கிழமை அவர்களின் வேலை பிற்பகல் 2 மணியுடன் முடிந்தது. இவை தவிர, ‘வேக்ஸ்’ எனப்பட்ட பழைய தேவாலயத் திருவிழா நாட்கள் படிப்படியாக ஒரு வார விடுமுறையாக நீண்டன. அவ்வாரத்தில் ஊரின் ஆலைகள் யாவும் மூடப்பட்டு இயந்திரங்கள் பழுதுபார்க்கப்பட்டன. ஒவ்வோர் ஊருக்கும் வெவ்வேறு வாரம் என்பதால், கோடை முழுவதும் பிளக்பூலுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தனர்.

ஆ. பணம்: இவ்விடுமுறைக்குச் சம்பளம் இல்லை. எனவே தொழிலாளர் சேமிப்புக் கழகங்களில் வாராவாரம் சில்லறையாகப் பணம் சேர்த்தனர். பருத்தி ஆலைகளில் பெண்களும் உழைத்தமையால் ஒரு வீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வருமானம் கிடைத்தது. இந்த ஆலைகளின் துணி இந்தியா போன்ற குடியேற்ற நாடுகளில் பெருமளவில் விற்கப்பட்டது. அங்கு கைத்தறி நெசவாளர் நலிவுற்றனர். ஒரு நாட்டின் தொழிலாளி பெற்ற ஓய்வுக்கும் மற்றொரு நாட்டின் நெசவாளி இழந்த பிழைப்புக்கும் தொடர்பு இருந்ததை மறந்துவிடாதீர்கள்.

04. நகரின் வளர்ச்சி

• 1863 – வடக்கு இறங்குதுறை திறக்கப்பட்டது
• 1879 – கடற்கரை வீதியில் மின்விளக்குகள் ஒளிர்ந்தன
• 1885 – மின்சார ட்ராம் சேவை ஆரம்பமானது
• 1894 – பரிஸ் ஈபிள் கோபுரத்தைப் பின்பற்றி, 158 மீற்றர் உயரமான கோபுரம் திறக்கப்பட்டது

1901 இல் சனத்தொகை 47,000 ஐத் தாண்டியது. சிறு விடுதிகளைப் பெரும்பாலும் பெண்களே நடத்தினர். விருந்தினர் வாங்கிக் கொடுக்கும் உணவுப் பொருட்களை விடுதிக்காரப் பெண் சமைத்துக் கொடுப்பது அக்கால வழக்கம்.

05. வீழ்ச்சி

1938 ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கு வழிவகுத்தது. இரண்டாம் உலகப் போரின் பின் சில காலம் பிளக்பூல் நிரம்பி வழிந்தது. பின்னர் அதனை வளர்த்த காரணிகள் ஒவ்வொன்றாக விலகின. லங்காஷயர் பருத்தி ஆலைகள் மூடப்பட்டன. மோட்டார் வாகனம் வைத்திருந்தோர் வேறிடங்களை நாடினர். 1964 இல் நகரின் மத்திய புகையிரத நிலையம் மூடப்பட்டது. மலிவான விமானப் பயணம் வெயில் நிறைந்த ஸ்பெயினுக்கு மக்களை அழைத்துச் சென்றது. விடுதிகள் பல மலிவு வாடகை அறைகளாயின. 2019 இல் வெளியான அரச கணிப்பின்படி, இங்கிலாந்தின் மிகவும் பின்தங்கிய 10 சிறு பிரதேசங்களுள் 8 பிளக்பூலில் இருந்தன. எனினும் கோபுரம் நிற்கிறது; ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் விளக்குகள் ஒளிர்கின்றன; மக்களும் வருகின்றனர்.

மாதிரி வினா

“பிளக்பூலின் வளர்ச்சிக்குப் புகையிரதமே ஒரே காரணமாகும்.” ஆராய்க.

விடையில் இடம்பெற வேண்டியவை: புகையிரதம் பயணத்தை இலகுவாக்கியது என்பதை முதலில் ஏற்றுக்கொள்க. அடுத்து, ஓய்வு நேரமும் சேமிப்பும் இல்லாதவன் புகையிரதத்தில் ஏற முடியாது என்பதைச் சட்டங்கள், வேக்ஸ் வாரம், சேமிப்புக் கழகம் ஆகியவற்றால் நிறுவுக. சனத்தொகை எண்களைச் சான்றாகத் தருக. ‘புகையிரதம் அவசியமான காரணி, ஆனால் அது மட்டும் போதுமானதன்று’ என முடிக்க.

ஆண்டுகளை மட்டும் மனனம் செய்தவர் இவ்வினாவில் திணறுவார். ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி விளைந்தது என்று கேட்டுப் படித்தவருக்கு இது இலகுவான வினா.

பயிற்சி

1. வேக்ஸ் வாரம் ஊருக்கு ஊர் வேறுபட்டமையால் பிளக்பூல் அடைந்த நன்மை யாது?
2. பருத்தி ஆலைகள் மூடப்பட்டமை பிளக்பூலைப் பாதித்தது எவ்வாறு?
3. ஒரே தொழிலை நம்பி வாழும் நகரங்கள் எதிர்நோக்கும் ஆபத்தை, பிளக்பூலை உதாரணமாகக் கொண்டு விளக்குக.