இழுவை வீடும் எடைக் கணக்கும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பணி ஓய்வு பெற்றோர் சிலர், பெரிய வீட்டைத் துறந்து, காரின் பின்னே இழுத்துச் செல்லும் சிறு டிரெய்லர் வீட்டில் வாழத் தலைப்படுகின்றனர். எடை குறைந்த வகைக்கு முன்னோடிகளுள் ஒன்று, 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஓலெக்கோ என்பார் உருவாக்கிய 'போலர்'. கண்ணாடியிழையில் வார்த்த இரு பாதிகளை இணைத்துச் செய்த அதன் நீளம் 13 அடியே.

இதில் நாம் கற்க வேண்டியது எடைக் கணக்கு. வண்டியின் மொத்த எடைக்குரிய உச்ச வரம்பு அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வரம்பு 1,300 கிலோ, வெற்று வண்டியின் எடை 1,050 எனக் கொள்வோம், எஞ்சுவது 250. தொட்டியில் 80 லிட்டர் நீர் நிரப்பினால் 80 கிலோ போயிற்று. எரிவாயு உருளை, பாத்திரம், போர்வை, உடை யாவும் 170-க்குள் அடங்க வேண்டும். புத்தகப் பெட்டிக்கு இடம் ஏது? ஆசிரியர்களாகிய நமக்கு இது சற்றே கசக்கும்! மேலும், மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இணைப்பு முனையில் அமைய வேண்டும்; பின்புறம் பாரம் மிகுந்தால் ஓட்டத்தில் வண்டி பாம்பென நெளியும்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தில் அளவை நாமே வகுத்துக்கொள்கிறோம். அங்கோ தராசு வகுக்கிறது.

எனினும் வீட்டை விற்றுவிட்டுப் புறப்படுவதை நாம் பரிந்துரையோம். வண்டியைப் பூட்டுவதும் கழிவுநீரை வெளியேற்றுவதும் உடல் வலிமை வேண்டுவன. கணவர் வழியில் நோயுற்றால், ஓட்டத் தெரியாத மனைவி என் செய்வார்? ஓராண்டேனும் வீட்டை வாடகைக்கு விட்டு, வாழ்ந்து பார்த்து முடிவு செய்தல் தக்கது. அதற்குள் இருவருமே வண்டியை ஓட்டவும், டிரெய்லருடன் பின்னோக்கிச் செலுத்தவும் பழகிக்கொள்ள வேண்டும்.