தானே துடிக்கும் இதயம்

அம்பர்நாத்திலிருந்து மும்பை செல்லும் இருப்புப் பாதை பரேல் வழியே செல்கிறது. பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் 1968 பிப்ரவரியில், மருத்துவர் பி.கே. சென் ஒருவரின் இதயத்தை மற்றொருவர் மார்பில் பொருத்தினார். இந்தியாவின் முதல் இதயமாற்று அறுவை மருத்துவம் அதுவே. உடலைவிட்டு எடுக்கப்பட்ட இதயம் வேறோர் உடலில் எவ்வாறு துடிக்கும்? இதயத்தின் அமைப்பே இதற்கு விடை தருகிறது.

அமைப்பு

இதயம் இரு நுரையீரல்களுக்கு இடையே, சற்று இடப்புறம் சாய்ந்து அமைந்துள்ளது. ஏறத்தாழ அவரவர் கைப்பிடி அளவுள்ள தசை உறுப்பு இது. இதனுள் மேலறைகள் இரண்டும் கீழறைகள் இரண்டும் உள்ளன. நடுச்சுவர் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் பிரிக்கிறது.

செயல்

உடலில் சுற்றித் திரும்பிய, ஆக்சிஜன் குறைந்த குருதி வலது மேலறைக்கு வருகிறது. மூவிதழ் வால்வைக் கடந்து வலது கீழறையை அடைகிறது. அங்கிருந்து நுரையீரல்களுக்குச் சென்று, ஆக்சிஜன் பெற்று, இடது மேலறைக்குத் திரும்புகிறது. பின் ஈரிதழ் வால்வு வழியே இடது கீழறையில் இறங்கி, பெருந்தமனி வாயிலாக உடலெங்கும் பாய்கிறது. உடல் முழுவதற்கும் குருதியைச் செலுத்துவதால் இடது கீழறையின் சுவர் மிகத் தடித்துள்ளது. வால்வுகள் ஒருபுறமே திறப்பதால் குருதி பின்னோக்கிச் செல்வதில்லை. அவை மூடும் ஓசையே ‘லப்-டப்’.

துடிப்பு

வலது மேலறைச் சுவரில் உள்ள சைனோ ஆரிக்குலார் கணு ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைக்கிறது. மூளையிலிருந்து வரும் நரம்புகள் அதன் வேகத்தைக் கூட்டும், குறைக்கும்; துடிப்பைத் தொடங்குவதில்லை. ஆகவே, நரம்புகளைத் துண்டித்து எடுத்த இதயமும் புதிய உடலில் துடிக்கிறது.

1968-இல் இதயம் பெற்ற நோயாளி சில மணி நேரமே உயிர் வாழ்ந்தார். எனினும் முயற்சி நிற்கவில்லை. 1994 ஆகஸ்டு 3 அன்று, புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மருத்துவர் பி. வேணுகோபால் தலைமையில் இதயமாற்று வெற்றி பெற்றது. மூளைச்சாவை ஏற்று உறுப்புக்கொடைக்கு வழிவகுத்த சட்டமும் அவ்வாண்டே இயற்றப்பட்டது. துயரத்தின் நடுவிலும் ஒரு குடும்பம் தரும் இசைவே இன்று மற்றொருவரின் இதயத்துடிப்பாகிறது.

சொற்பொருள்

குருதி – இரத்தம்
தமனி – இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்
இசைவு – சம்மதம்

பயிற்சி

1. இடது கீழறையின் சுவர் தடித்திருப்பது ஏன்?
2. நரம்புகள் துண்டிக்கப்பட்ட பின்னும் இதயம் துடிப்பது எவ்வாறு?
3. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடத் துடிப்பை எண்ணுக. படியேறி இறங்கியபின் மீண்டும் எண்ணி, வேறுபாட்டை எழுதுக.
4. ‘நெஞ்சு’ என்னும் சொல் வரும் மூன்று தொடர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.