மும்மை என்றால் என்ன?



முத்தமிழ், முக்கனி, மும்மலம்னு அடிக்கடி சொல்றோம். இப்படி மூன்று சேர்ந்து நிற்பதற்கே தமிழில் ஒரு பழைய சொல் இருக்கு: *மும்மை*.

*சொல் பிறந்த விதம்*
'மூன்று' இன்னொரு சொல்லோடு சேரும்போது 'மு' என்று குறுகும். அடுத்து வரும் மெய் இரட்டிக்கும். மு + கனி = முக்கனி. அதே மாதிரி மு + மை = மும்மை. 'மை' என்பது நன்மை, பெருமை, ஒருமையில் வரும் பண்பு விகுதி. மூன்று என்பது எண்ணிக்கை. மும்மை என்பது மூன்றாக இருக்கும் தன்மை. வடமொழியில் 'திரயம்' என்பார்கள்.

*மும்மையால் ஆண்டவர்*
பெரியபுராணத்தில் 'மும்மையால் உலகாண்ட சருக்கம்' என்றே ஒரு பகுதி உண்டு. மதுரையில் மன்னன் வாரிசு இல்லாமல் இறந்துபோக, கண்ணைக் கட்டி விட்ட யானை மூர்த்தி நாயனாரைத் தூக்கிக்கிட்டு வந்தது. அரசை ஏற்க அவர் வைத்த நிபந்தனை: திருநீறே அபிஷேகம், உருத்திராக்கமே அணிகலன், சடைமுடியே மகுடம். இந்த மூன்றும்தான் அவர் ஆண்ட மும்மை.

*முருகனிடம் மும்மை*
வள்ளி இச்சா சக்தி, தெய்வானை கிரியா சக்தி, வேல் ஞான சக்தி. அதாவது விருப்பம், செயல், அறிவு. எதிர்ப்பக்கம் நின்ற அசுரர்களும் மூவர்தான்! சூரபத்மனை ஆணவமாகவும், சிங்கமுகனைக் கன்மமாகவும், தாரகனை மாயையாகவும் பெரியவர்கள் விளக்குவார்கள். மும்மலம்னு சொல்றது இதைத்தான்.

*நமக்கு என்ன?*
நம்மில் பலருக்கு ஆசை நிறைய இருக்கு. எப்படிச் செய்யணும்னு யூடியூப் பார்த்துத் தெரிஞ்சும் வெச்சிருக்கோம். ஆனா செய்ய மாட்டோம். சிலர் யோசிக்காமலே ஓடிக்கிட்டே இருப்போம். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன் தராது. கோடிங் தெரிஞ்சவங்களுக்குச் சொன்னா, இது 'ஆர்' இல்லை, 'அண்ட்' கண்டிஷன் 😊

அடுத்த தடவை வள்ளி தெய்வானையோடு வேலேந்தி நிற்கும் முருகனைப் பார்க்கும்போது, இந்த மூன்றில் நம்மகிட்ட எது குறையுதோ அதை மட்டும் கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!