விளிமரபும் காலைத் தொலைக்காட்சியும்

முன்னுரை

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் நான்காம் இயல் விளிமரபு. எட்டாம் வேற்றுமையாகிய விளியின் இயல்பினை விரித்துரைக்கும் அவ்வியலைத் தமிழ் மாணவர் பலரும் தேர்வின்பொருட்டுப் படித்துப் பின் மறந்துவிடுகின்றனர். ஆயின் நாள்தோறும் காலையில் நம் இல்லத்துத் தொலைக்காட்சிப் பெட்டி நம்மை விளித்துக்கொண்டேயிருக்கின்றது. 'வணக்கம்' என்கின்றது, 'தமிழா' என்கின்றது. காலை நிகழ்ச்சி ஒன்று பொலிவிழந்ததாகத் தோன்றும்போது நிலையத்தார் அதன் பெயரை மாற்றுகின்றனர், அரங்கை மாற்றுகின்றனர், தொகுப்பாளரை மாற்றுகின்றனர், 'புதுப்பொலிவுடன்' என விளம்பரமும் செய்கின்றனர்.

இப்பெயர்மாற்றங்களுள் ஓர் ஒழுங்கு காணப்படுகின்றது. அதனை விளிமரபின் துணைகொண்டு ஆராய்வதும், வடசென்னையின் உழைப்பாளர் பகுதியாகிய வியாசர்பாடியில் நின்று அதனை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். காலை எல்லார்க்கும் ஒரே பொழுதன்று என்பதனை நாம் தெளிவாக அறிய வாய்த்த இடம் வியாசர்பாடி. ஆதலின் அதனையே உரைகல்லாகக் கொள்கின்றோம்.

துயிலெடை மரபு

காலையில் ஒருவரை அழைத்து எழுப்பும் கலை தமிழர்க்குப் புதிதன்று. பாசறையில் துயிலும் மன்னரைச் சூதர் புகழ்ந்து எழுப்புதலைத் தொல்காப்பியர் துயிலெடைநிலை எனப் பெயரிட்டுப் புறத்திணையியலில் வைத்தார். பின்னர் அவ்வடிவமே திருப்பள்ளியெழுச்சி ஆயிற்று. தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனையும், மாணிக்கவாசகர் பெருந்துறையானையும் துயிலெழுப்பினர். இருபதாம் நூற்றாண்டில் பாரதியார் அதே வடிவத்தைக் கையாண்டு பாரத மாதாவுக்குத் திருப்பள்ளியெழுச்சி பாடினார். வைகறைத் தொழுகைக்குரிய பாங்கில் மட்டும், துயிலினும் தொழுகை மேலானது என்னும் பொருளுடைய தொடர் கூடுதலாக அமைந்திருத்தலும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

மன்னன், இறைவன், நாடு என எழுப்பப்படுவோர் மாறியபோதும் வடிவம் மாறவில்லை. எவரை எழுப்புகின்றோம் என்னும் தெளிவே ஒவ்வொரு முறையும் அவ்வடிவத்திற்குப் புத்துயிர் அளித்தது. பழையன நீங்கலும் புதியன வருதலும் வழுவன்று எனக் கொண்ட நன்னூலாரின் கருத்துக்கு இஃது ஓர் இலக்கியச் சான்றெனலாம். இத்தெளிவு தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சிகளில் உண்டா என்பதே நம் வினா.

தமிழ்த் தொலைக்காட்சியில் காலை

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கிற்று. தூர்தர்ஷன் காலை ஒளிபரப்பை 1987-இல் தொடங்கியது. அக்காலத்தும் தமிழரின் காலைப்பொழுது பெரிதும் வானொலிக்கே உரியதாக இருந்தது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் சென்னை வானொலியில் வழங்கிய 'இன்று ஒரு தகவல்' அதற்குச் சிறந்த சான்றாகும். அடுப்படியில் இருப்பவரும், மிதிவண்டியைத் துடைப்பவரும், பிள்ளைக்குத் தலை வாருபவரும் கைவேலையை நிறுத்தாமலே கேட்கத்தக்கதாக அஃது அமைந்தது. சில மணித்துளிகள், ஒரு கதை, இறுதியில் ஒரு நகைச்சுவை, அவ்வளவே. காலை நிகழ்ச்சி என்பது கண்ணைக் கேளாது காதை மட்டும் கேட்க வேண்டும் என்னும் உண்மையை வானொலி நமக்குக் கற்பித்தது.

1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர்த் தனியார் நிலையங்களின் காலை நிகழ்ச்சிகள் பெருகின. சன் தொலைக்காட்சியின் 'வணக்கம் தமிழகம்' அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. அந்நிலையத்தின் காலைப்பொழுதில் இடம்பெற்ற சுகி சிவத்தின் 'இந்த நாள் இனிய நாள்' உரை வானொலி மரபின் தொடர்ச்சி எனத்தக்கது. பிற்காலத்தே அந்நிலையத்தின் காலை நிகழ்ச்சி 'சூரிய வணக்கம்' என்னும் பெயர் தாங்கிற்று. அதன் பின்னர் 'வணக்கம் தமிழா' என்னும் பெயர் வந்தது. 1999-இல் தொடங்கிய ஜெயா தொலைக்காட்சி 'காலை மலர்' என்றும், 2007-இல் தொடங்கிய கலைஞர் தொலைக்காட்சி 'சந்தித்த வேளை' என்றும் பெயரிட்டுக்கொண்டன. அரசு நிலையமும் இம்மாற்றத்திற்கு விலக்கன்று. பொதிகை என்னும் இலக்கிய மணமுடைய மலைப்பெயரைத் தாங்கியிருந்த தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை, 2024 சனவரி 19-இல் 'டிடி தமிழ்' எனப் புதுப்பெயரும் புதுப்பொலிவும் பெற்றது.

பிறநாட்டுச் சான்றுகள்

இப்பெயர்மாற்றங்களின் போக்கினை உணர, காலைத் தொலைக்காட்சியில் நீண்ட பட்டறிவுடைய இருநாடுகளை நோக்குதல் நலம்.

அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் 1952 சனவரி 14-இல் 'டுடே' என்னும் காலை நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. அதற்குப் போட்டியாக ஏ.பி.சி. நிறுவனம் 1975 சனவரியில் 'ஏ.எம். அமெரிக்கா' என ஒன்றைத் தொடங்கியது. முற்பகலைக் குறிக்கும் சுருக்கெழுத்தே அப்பெயரின் முதற்பகுதி. அது பத்து மாதமே நிலைத்தது. அவ்வாண்டு நவம்பர் 3-இல் 'குட் மார்னிங் அமெரிக்கா' எனப் புதுப்பெயருடன் வந்த நிகழ்ச்சி இன்றளவும் நடைபெறுகின்றது. பொழுதின் பெயர் நீங்கி வாழ்த்து வந்தமை இங்கே கருதத்தக்கது.

பிரிட்டனின் வரலாறு இன்னும் தெளிவானது. 1983 சனவரி 17-இல் பி.பி.சி. தன் காலை நிகழ்ச்சியைத் தொடங்க, பிப்ரவரி 1-இல் டிவி-ஏஎம் என்னும் தனியார் நிலையம் களமிறங்கிற்று. புகழ்வாய்ந்த செய்தியாளர் ஐவர் அதில் இருந்தனர். 'குட் மார்னிங் பிரிட்டன்' என்னும் நல்ல பெயரும் இருந்தது. இருந்தும் தொடக்கத்தில் மக்கள் அதனைப் பார்க்கவில்லை. உலக நிகழ்வுகளுக்கு விளக்கம் அளிப்பதே தம் கடமை என அந்நிலையத்தார் எண்ணினர். பல் துலக்கிக்கொண்டிருப்பவர் விளக்கம் கேட்கும் நிலையில் இல்லை என்பதை எண்ணவில்லை. சில வாரங்களிலேயே தலைமை மாறிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் ரோலண்ட் ராட் என்னும் எலிப் பொம்மை திரையில் தோன்றி, பள்ளி விடுமுறையில் இருந்த சிறுவரையும் அவர்வழிப் பெற்றோரையும் ஈர்த்தது. அறிஞர் ஐவரால் இயலாததனை ஒரு பொம்மை எலி செய்தது எனப் பலரும் நகையாடினர்.

1993 சனவரி 1 முதல் அவ்விடத்தைப் பெற்ற ஜிஎம்டிவி பதினேழு ஆண்டுகள் நடைபெற்றது. 2010 செப்டம்பர் 6-இல் ஐடிவி நிறுவனம் அதனை நீக்கி, 'டே பிரேக்' என்னும் பெயருடன் புதிய அரங்கம், புதிய வண்ணம், பி.பி.சி.-யிலிருந்து அழைத்துவந்த இரு புகழ்பெற்ற தொகுப்பாளர் ஆகியவற்றோடு மறுதொடக்கம் செய்தது. பழகிய முகங்களை இழந்த மக்கள் விலகினர். அத்தொகுப்பாளர் இருவரும் 2011 இறுதியில் நீங்கினர். 2014 ஏப்ரல் 28-இல் அந்நிறுவனம் மீண்டும் பெயர் மாற்றிற்று. அப்போது அது தேர்ந்துகொண்டது, முப்பத்தோராண்டுக்கு முன் டிவி-ஏஎம் வழங்கிய 'குட் மார்னிங் பிரிட்டன்' என்னும் பழம்பெயரேயாகும்.

பெயர்களின் இலக்கணம்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் பெயர்கள் இருவகைப்படும். பொழுதைச் சுட்டுவன ஒருவகை, 'ஏ.எம். அமெரிக்கா', விடியல் எனப் பொருள்படும் 'டே பிரேக்', 'காலை மலர்', 'சந்தித்த வேளை' ஆகியன அவை. கேட்போரை முன்னிலைப்படுத்தி அழைப்பன மற்றொருவகை. அமெரிக்காவும் பிரிட்டனும் முதல்வகையிலிருந்து இரண்டாம் வகைக்குப் பெயர்ந்தன. தமிழிலும் 'சூரிய வணக்கம்' நீங்கி 'வணக்கம் தமிழா' வந்தமை அதே போக்கினது.

'சூரிய வணக்கம்' என்பது சூரியனுக்குச் செய்யும் வணக்கம் என விரியும். யோகப் பயிற்சி ஒன்றன் பெயராகவும், நிலையத்தின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் நினைவூட்டுவதாகவும் அஃது அமைந்தது. சொன்னயம் உடையதே. ஆயினும் அவ்வணக்கம் கேட்போரை நோக்கியதன்று, கதிரவனை நோக்கியது. நிலையம் தன்னையே வணங்கிக்கொண்டது எனவும் அதற்குப் பொருள் கூறலாம். 'வணக்கம் தமிழகம்' என்பதில் தமிழகம் என்னும் இடப்பெயர் அங்கு வாழும் மக்களுக்கு ஆகிவந்தது. எல்லாரையும் அடக்கும் விரிவு அதற்கு உண்டு. ஒருவரைத் தொட்டழைக்கும் நெருக்கம் இல்லை.

'தமிழா' என்பதே முழுமையான விளி. தமிழன் என்னும் அன் ஈற்றுப் பெயர் ஆகாரம் பெற்று விளியேற்றது. தொல்காப்பியர் இங்கே ஒரு நுட்பம் கூறுகின்றார். அன் ஈறு பொதுவாக ஆவாகும். அண்மையில் உள்ளாரை அழைக்குங்கால் அகரமாகும். அதாவது அருகில் நிற்பவன் 'தமிழ' என விளிக்கப்படுவான். 'தமிழா' என்னும் நெடிலோசை, எதிரே இருப்பவரை அன்றி எட்ட இருப்பவரை அழைக்கும் ஓசை. இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது உண்மையே. எனினும் எட்ட இருந்துகொண்டே அருகில் இருப்பவர்போல் பேசுவதுதானே தொலைக்காட்சியின் இயல்பு!

இன்னொன்றும் உண்டு. 'தமிழா' என்பது ஆண்பால் ஒருமை. அந்நேரத்தே அடுப்புக்கும் பெட்டிக்கும் இடையே நடமாடிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் பெண். அழைக்கப்படுபவர் ஒருவர், கேட்பவர் மற்றொருவர் என்னும் நிலை இதனால் தோன்றுகின்றது. இஃது இலக்கண வழு ஆகாதெனினும், எவரை எழுப்புகின்றோம் என்னும் தெளிவின்மைக்கு அடையாளமாகும்.

வியாசர்பாடியின் காலை

பண்டைத் தமிழர் காலையைக்கூட ஒரே பொழுதாகக் கொள்ளவில்லை. வைகறை வேறு, விடியல் வேறு எனப் பகுத்தனர். வியாசர்பாடியில் இப்பகுப்பு இன்றும் உயிரோடு உள்ளது.

இப்பகுதியை ஒட்டி அமைந்த பெரம்பூர்ப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் சங்கொலியே பல தலைமுறையினர்க்குத் துயிலெடையாக இருந்தது. அவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டு 1918 ஏப்ரல் 27-இல் தோன்றியதே சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி. வாடியா அதன் தலைவரானார். தமிழறிஞர் திரு.வி.க. அதற்கு உறுதுணையாக நின்றார். தொழிலாளர் அன்று முன்வைத்த குறைகளுள் உணவு இடைவேளை போதாமையும் ஒன்று. உணவு உண்ணும் பொழுதுக்காகப் போராடியவர் வாழ்ந்த மண்ணில் நின்று, காலை உணவு வேளைக்குரிய நிகழ்ச்சிகளை எடைபோடுதல் பொருத்தமன்றோ?

அவ்வாலை 1996-இல் மூடப்பட்டது. ஆலைச்சங்கு ஓய்ந்த அதே பத்தாண்டில்தான் தனியார் தொலைக்காட்சியின் காலை வணக்கமும் ஒலிக்கத் தொடங்கிற்று. 2006-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் எளியோர் இல்லங்களிலும் பெட்டி இடம்பெற்றது. ஆகவே பெட்டி இல்லை என்பது இன்று குறையன்று. பொழுது பொருந்தவில்லை என்பதே குறை.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் முதல் முறைப்பணிக்குச் செல்வோர் விடியுமுன்னரே வியாசர்பாடி ஜீவா நிலையத்திலும் பேருந்து நிறுத்தங்களிலும் நிற்கின்றனர். பிறர் இல்லங்களில் பணிபுரியும் பெண்டிரும் அவ்வேளையே புறப்படுகின்றனர். இரவுப்பணி முடித்துத் திரும்புவோர்க்குக் காலை எட்டு மணி என்பது உறங்கும் பொழுது. தொகுப்பாளர் புன்னகையுடன் 'இனிய காலை' என்னும்போது, அவ்வீட்டில் ஒருவர் போய்விட்டிருப்பார், ஒருவர் படுத்திருப்பார், எஞ்சியவர் பிள்ளைகளும் முதியோருமே. இவர்களை நினைந்து அமைக்கப்பட்ட காலை நிகழ்ச்சி அரிது.

உள்ளடக்கத்திற்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் குடியேறிய இடங்களுள் வியாசர்பாடியும் ஒன்று. அத்தோ, மோஹிங்கா முதலிய பர்மிய உணவுகள் அவர்வழி வடசென்னையின் உணவாயின. மோஹிங்கா பர்மாவில் காலை உணவாகவே வழங்குவது. காலைச் சமையற்பகுதிக்கு இதனினும் சுவையான பொருள் எளிதிற் கிட்டாது. இங்குள்ள எம்.கே.பி. நகர், மகாகவி பாரதியின் பெயர் தாங்கியது. நாட்டுக்கே பள்ளியெழுச்சி பாடியவர் பெயரால் அமைந்த நகரின் காலையைக் காணத் தொலைக்காட்சிப் படக்கருவி வருமாயின், அதுவே மெய்யான மறுதொடக்கமாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் மூன்று.

1. காலை நிகழ்ச்சி அடிப்படையில் ஒரு விளி. பொழுதைச் சுட்டும் பெயரினும் கேட்போரை அழைக்கும் பெயரை நாடுதல் பலநாட்டு நிலையங்களின் பட்டறிவாக உள்ளது.

2. பெயர் மட்டும் காப்பாற்றாது. 1983-இல் தடுமாறியதும், 2014-இல் மறுவாழ்வு பெற்றதும் ஒரே பெயரே. 'டுடே' நிகழ்ச்சியோ வாழ்த்தும் விளியும் இன்றி, 1952 முதல் பெயர் மாறாமலே நிலைத்துள்ளது. பழகிய குரலும், கைவேலைக்கு இடையூறு செய்யாத அமைப்புமே மக்களைத் தக்கவைக்கின்றன.

3. மறுதொடக்கம் செய்வோர் முதலில் வினவ வேண்டியது 'என்ன பெயர்?' என்பதன்று, 'யாருடைய காலை?' என்பதே.

நம் மாணவர் பலர் நாளை ஊடகத்துறையில் எழுத்துப்பணி ஏற்கவிருக்கின்றனர். அவர்கட்கு ஒரு பயிற்சியை முன்வைக்கின்றோம். வியாசர்பாடியிலோ தம் ஊரிலோ ஐந்து இல்லங்களுக்குச் சென்று, அங்குள்ளார் எழும் நேரம், உண்ணும் நேரம், வெளியேறும் நேரம், பெட்டியை இயக்கும் நேரம் ஆகியவற்றைக் குறித்து வருக. பின்னர் அவ்வைந்து இல்லத்தார்க்கும் பொருந்தும் காலை வணக்கம் ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக. எவரையும் விலக்காத ஒரு விளியைத் தேர்வதற்குள் விளிமரபு முழுவதும் மீண்டும் நினைவுக்கு வந்துவிடும். இலக்கணம் ஏட்டில் உறங்குவதற்கு உரியதன்று. அதனையும் நாம் துயிலெழுப்புதல் வேண்டும்.